முதலில் தொட்டாரா?

ஏனப்பன் என்பது பெற்றவர்கள் வைத்த பெயரில்லை. லிஃப்ட் பழுதுபார்க்கும் கம்பெனியில் கூட வேலை செய்கிறவர்கள் வைத்தது. எதை எடுத்தாலும் ஏன், எப்படி என்று குடைந்து எடுத்துவிடுவான். நின்றுபோன லிஃப்ட் மறுபடி ஓட ஆரம்பித்ததும் மற்றவர்கள் "ஓடுதுல்ல, விடுப்பா" என்று பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். இவன் மட்டும் எதனால் நின்றது என்று தெரியாமல் இடத்தைவிட்டு நகரமாட்டான்.

அப்படிப்பட்டவனுக்கு ஒரு இருமல் வந்து, போகாமல் நின்றது. காசநோய், அதிலும் சாதாரண மருந்துக்குக் கட்டுப்படாத வகை என்றார் டாக்டர். சளிப் பரிசோதனை சுத்தமாக வரும்வரை யாரோடும் சேரக் கூடாது என்று மருத்துவமனையின் மூன்றாவது மாடியில் ஒரு தனி அறையில் போட்டுவிட்டார்கள்.

முதலில் அவனுக்கு அது வேடிக்கையாகத்தான் இருந்தது. கதவைத் திறக்கும்போதெல்லாம் காற்று உள்ளே இழுப்பதைக் கவனித்தான். டிஷ்யூ காகிதத்தைக் கிழித்துக் கதவிடுக்கில் பிடித்து, அது எந்தப் பக்கம் பறக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தபோது நர்ஸ் வந்துவிட்டாள்.

"என்ன பண்றீங்க?"

"காத்து எந்தப் பக்கம் போகுதுன்னு பாக்கறேன் சிஸ்டர்."

"உள்ளதான் வரும். உங்க கிருமி வெளிய போயிடக் கூடாதுல்ல."

அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். ஆனால் ஏனப்பன் காகிதத்தைக் கீழே போட்டுவிட்டு வந்து கட்டிலில் உட்கார்ந்தான். அதற்குப் பிறகு அந்த அறையில் தெரிந்துகொள்ள ஒன்றும் மிச்சமில்லை. சாப்பாட்டுத் தட்டு கதவோரம் இருக்கும் ஸ்டூலுக்கு வரும். ஊசி போடுகிற கை எப்போதும் உறைக்குள்ளேயே இருக்கும். மாத்திரைகளில் ஒன்று அவன் தோலைச் செம்புப் பாத்திரம் போலக் கறுக்க வைத்தது. கண்ணாடியில் பார்த்தால் யாரோ மாதிரி இருந்தான். கம்பெனி ஆட்கள் முதலில் அடிக்கடி போன் செய்தார்கள், பிறகு எப்போதாவது. அவனுக்கும் சொல்ல ஒன்றுமில்லை.

அவன் குடியிருந்தது அண்ணன் வீட்டில். அண்ணன் லாரி ஓட்டுகிறவர், பாதி நாள் வெளியூர். அண்ணி கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறாள். கிறிஸ்தவக் குடும்பத்துப் பெண், அண்ணன் காதலித்துக் கட்டிக்கொண்டவள். அண்ணனுக்கு எந்தச் சாமியும் கிடையாது, ஆனால் அவளைத் தடுத்ததும் கிடையாது. கிண்டல் செய்வதெல்லாம் ஏனப்பன் வேலை. "ஞாயித்துக்கிழமைகூட உங்க ஆண்டவருக்கு லீவு குடுக்க மாட்டீங்களா அண்ணி?" என்பான். அவள் சிரித்துக்கொண்டே செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவாள்.

ஒருநாள் பிற்பகல் ஜன்னல் வழியே பார்த்தபோது, கீழே வண்டி நிறுத்துகிற இடத்தில் அண்ணி நின்றுகொண்டிருந்தாள். பார்வையாளரை மேலே விடமாட்டார்கள். அண்ணாந்துகூடப் பார்க்காமல், ஒரு கறுப்புக் காருக்கும் குப்பைத் தொட்டிக்கும் நடுவே நின்று உதட்டை அசைத்துக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரம் கழித்துப் போய்விட்டாள். மறுநாளும் வந்தாள், அதற்கு மறுநாளும்.

இனி அவனால் சும்மா இருக்க முடியுமா? போனை எடுத்தான்.

"அண்ணி, மேலதான் இருக்கேன். கீழ நின்னு என்ன முணுமுணுக்கறீங்க? காரை விலை பேசறீங்களா?"

அவள் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தாள். "பாத்துட்டீங்களா தம்பி? ஜெபம் பண்றேன்."

"அதை வீட்டுலயே பண்ணக் கூடாதா? அங்கிருந்து கேக்காதா அவருக்கு?"

"அவருக்குக் கேக்கும். எனக்குத்தான் மனசு கேக்கல."

"சரி, எனக்காக என்ன கேக்கறீங்க?"

"முதல்ல, சீக்கிரம் குணமாகணும்னு கேட்டேன். இப்பவும் கேக்கறேன். ஆனா அதைவிட, உள்ள நீங்க தனியா இருக்கக் கூடாது, அவர் கூட இருக்கணும்னுதான் நிறைய கேக்கறேன்."

"எப்படி இருப்பார்? நர்ஸே உறை போட்டுக்கிட்டுத்தான் வராங்க."

அண்ணி ஒரு தொழுநோய்க்காரனின் கதையைச் சொன்னாள். ஊருக்கு வெளியே துரத்திவிடப்பட்டவன், யாரும் கிட்டே வராதவன். இயேசு வந்தபோது அவர் முன்னால் போய் விழுந்தான். அவர் கையை நீட்டித் தொட்டார். அவன் சுத்தமானான்.

ஏனப்பன் நிமிர்ந்து உட்கார்ந்தான். "ஒரு நிமிஷம். குணமாக்கிட்டுத் தொட்டாரா, தொட்டுட்டுக் குணமாக்கினாரா?"

"ரெண்டும் ஒண்ணுதானே தம்பி?"

"எப்படி அண்ணி ஒண்ணாகும்? கரண்டை ஆஃப் பண்ணிட்டு மோட்டார்ல கை வைக்கறது ஒண்ணு. ஓடும்போதே கை வைக்கறது வேற."

இத்தனை வருஷமாகக் கேட்ட கதையில் இப்படி ஒரு கேள்வி அவளுக்குத் தோன்றியதே இல்லை. "வீட்டுல எடுத்துப் பாத்துட்டுச் சொல்றேன்" என்றாள்.

மறுநாள் அவள் வருவதற்கு வெகுநேரம் முன்பே அவன் ஜன்னலில் நின்றிருந்தான். ஏதாவது ஒன்றுக்காக அப்படிக் காத்திருந்து எத்தனையோ நாளாகியிருந்தது. அண்ணி காருக்குப் பக்கத்தில் வந்து நின்று போன் செய்தாள்.

"முதல்ல தொட்டார் தம்பி. அவன் நோயோட இருக்கும்போதே. அப்புறந்தான் சுத்தமாகுன்னு சொன்னார்."

"நல்லாப் பாத்தீங்களா?"

"மூணு பேரு எழுதியிருக்காங்க. மூணையும் பாத்துட்டேன். முதல்ல தொட்டார்."

அவன் தன் கறுத்த கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு கேட்டான்: "தொடாமலே குணமாக்கியிருக்க முடியாதா அவரால?"

"முடியும். வேற ஆளுங்களைப் பக்கத்துலகூடப் போகாம குணமாக்கியிருக்காரு."

"அப்ப ஏன் தொட்டார்?"

"நீங்களே சொல்லுங்க" என்றாள் அண்ணி.

அதற்குப் பிறகு கேள்விகள் மழையாகக் கொட்டின. ஜெபத்துக்குப் பதில் வராவிட்டால் என்ன செய்வீர்கள்? செத்த இயேசு எழுந்தார் என்பதை முதலில் பார்த்தவர் யார்? அவர் கூட இருந்தவர்களில் நம்பாதவர் யாரும் இல்லையா? தெரிந்ததைச் சொன்னாள், தெரியாததைத் தெரியாது என்றாள். அது அவனுக்குப் பிடித்திருந்தது.

இதற்கிடையில் பரிசோதனை முடிவு வந்தது. கிருமி இன்னும் இருந்தது. இந்தத் தடவை சுத்தமாக வந்துவிடும் என்று டாக்டரே நம்பியிருந்தார். அவர் போன பிறகு ஏனப்பன் போனை அணைத்துவிட்டுச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டான். வெயில் கட்டில்வரை வந்து திரும்பிக்கொண்டிருந்தது. கேட்பதற்கு எந்தக் கேள்வியும் இல்லை. அதுதான் அவனைப் பயமுறுத்தியது.

கடைசியில் எழுந்து உட்கார்ந்து, வாய்விட்டே சொன்னான்: "நீங்க இருக்கீங்களான்னு தெரியல. இருந்தா, குணமாக்கறது அப்புறம் பாத்துக்கலாம். நோயோட இருக்கறவனைத் தொட்டீங்களாமே. எனக்கு அது போதும்."

குரல் எதுவும் கேட்கவில்லை, வெளிச்சம் எதுவும் வரவில்லை. ஆனால் நெஞ்சை அழுத்திக்கொண்டிருந்த ஒன்று விட்டுப்போயிருந்தது. அவனுக்குச் சந்தேகம். எழுந்து நடந்து பார்த்தான். முகம் கழுவிப் பார்த்தான். மறுபடி படுத்துப் பார்த்தான். அறையில் யாரோ கூட உட்கார்ந்திருக்கிற மாதிரியான அந்த அமைதி போனபாடில்லை.

போனைப் போட்டான். பதறிப்போய்க் கீழே நின்ற அண்ணி முதல் மணியிலேயே எடுத்தாள்.

"தம்பி, ரிசல்ட் என்ன?"

"கிருமி இருக்கு அண்ணி. அவரும் இருக்கார் போல."

அண்ணி குப்பைத் தொட்டியைப் பிடித்துக்கொண்டு அழுதாள். போகிறவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

நோய் உடனே ஓடிவிடவில்லை. அடுத்த பரிசோதனையும் ஏமாற்றியது. அன்று அவன் அழுதான், ஜெபத்திலேயே சண்டை போட்டான், பிறகு அன்றைய மாத்திரைகளை விழுங்கினான். அதற்குப் பிறகு வந்தவை சுத்தமாக வந்தன. வீட்டுக்கு விட்டார்கள். மருந்து மட்டும் தொடர்ந்தது.

அண்ணியோடு ஆலயத்துக்குப் போக ஆரம்பித்தான். நுரையீரல் ஒத்துழைக்காததால் பாட முடியாது, கேட்டுக்கொண்டிருப்பான். ஆராதனை முடிந்ததும் போதகரைப் பிடித்துக்கொண்டால் விடமாட்டான். பசியோடு வாசலில் நிற்கும் அண்ணி "தம்பி, அவரும் சாப்பிடணும்" என்று கூப்பிட்டுத்தான் மீட்க வேண்டியிருக்கும்.

மருந்து முடிந்த பிறகு வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் ஞானஸ்நானம் எடுத்தான். அண்ணன் லாரியை எங்கேயோ விட்டுவிட்டு வந்து, கையைக் கட்டிக்கொண்டு கடைசி வரிசைக்குப் பின்னால் நின்றார். வீடு திரும்பும் வழியில் பக்கத்தில் வந்து நடந்தார்.

"டேய், தண்ணிக்குள்ள போனப்ப எப்படி இருந்துச்சு?"

"குளிருச்சுண்ணா."

"அதைக் கேக்கலடா."

ஏனப்பன் சிரித்தான். வீடு வரைக்கும் சொல்லிக்கொண்டே வந்தான்.