நிலக்கரிக்கு ஏது வயிறு

தவிடு கலந்த பிஸ்கட்டும் வெறும் மைதா பிஸ்கட்டும் எரிந்தபோது ஒரே சூட்டைத்தான் தந்தன. திரும்பத் திரும்ப எரித்துப் பார்த்தாயிற்று. துருவிக்குப் பிடிபடவில்லை.

எதையும் தோண்டித் துருவாமல் விடமாட்டாள் என்பதால் வீட்டில் அவளுக்கு அந்தப் பெயர். வேலை, கொதிகலன்களுக்கு வரும் நிலக்கரியைச் சோதிப்பது. தடித்த எஃகுக் குடுவைக்குள் ஒரு சிறு கிண்ணத்தில் கொஞ்சம் கரித்தூளை வைத்து, ஆக்சிஜனை நிரப்பி, குடுவையைத் தண்ணீரில் முக்கி, மின்சாரத்தால் பற்றவைப்பாள். சுற்றியுள்ள தண்ணீர் எவ்வளவு சூடேறுகிறது என்பதை வைத்துக் கரியின் சக்தியைச் சொல்லிவிடுவாள்.

இன்று கரி இருந்த இடத்தில் பிஸ்கட் தூள். எதிரே நகம் கடித்துக்கொண்டிருந்த அண்ணிக்காக. மைதாவில் பாதியை எடுத்துவிட்டுத் தவிடு சேர்த்து, உதிராமல் சுட்டெடுக்க அண்ணி மாதக்கணக்கில் அடுப்போடு மல்லுக்கட்டியிருந்தாள். கலோரி குறைவு என்று காட்டினால்தான் ஆஸ்பத்திரி கேன்டீன் வாங்கிக்கொள்ளும். பிஸ்கட் பெட்டியின் அட்டை இந்த வாரக் கடைசியில் அச்சுக்குப் போகிறது.

"கொஞ்சம்கூடவா குறையலை?"

"இல்லையே அண்ணி. கொழுப்பும் சர்க்கரையும் ரெண்டுலயும் ஒரே அளவுதானே போட்டீங்க?"

"அளந்துதான் போட்டேன். உன் மிஷினுக்குத்தான் என் மேல வயித்தெரிச்சல்."

துருவி சிரித்தாலும் சந்தேகம் மிஷின் மேல்தான் போயிற்று. அதற்கு வித்தியாசம் தெரிகிறதா என்று பார்க்க, கைக்கு எட்டிய வடிகட்டும் காகிதத்தைச் சுருட்டி உள்ளே வைத்து எரித்தாள். அடுத்து அதே எடை மைதா. இரண்டுக்கும் தண்ணீர் ஏறக்குறைய ஒரே அளவு சூடேறியது.

"பேப்பரும் மாவும் ஒண்ணா? விடு, நாளைலேர்ந்து உங்கண்ணனுக்குத் தட்டுல பேப்பர்தான்," என்றாள் அண்ணி. "மாட்டுக்குப் போட்டாலாவது பால் கறக்கலாம். அந்த மனுஷனுக்குப் போட்டு என்ன கறக்கறது?"

துருவிக்குப் பொறி தட்டியது. மாட்டால் முடிகிறது, அண்ணனால் ஏன் முடியாது? காகிதம் முழுக்க நார். தவிட்டிலும் பெரும்பங்கு நார்தான். நாரும் சரி, மாவுச்சத்தும் சரி, சர்க்கரை மணிகளைக் கோத்த சங்கிலிகள். கோத்த முடிச்சுதான் வேறு. மாவுச்சத்தின் முடிச்சை நம் குடல் அவிழ்த்துவிடும், நாரின் முடிச்சு அதற்கு அவிழாது. மாட்டின் வயிற்றிலோ அதை அவிழ்க்க நுண்ணுயிர்க் கூட்டமே குடியிருக்கிறது. நெருப்புக்கு முடிச்சாவது ஒன்றாவது, எல்லாமே ஒன்றுதான்.

"எரியுது அண்ணி, ஆனா செரிக்காது! உங்க பிஸ்கட்டைப் போய்க் கரி மாதிரி கணக்குப் பாத்துட்டேன். கரிக்கு ஏது வயிறு?"

அண்ணி எரிந்து முடிந்த கிண்ணங்களை எட்டிப் பார்த்தாள். "தவிட்டுக் கிண்ணத்துல மட்டும் ஏன் இவ்வளவு சாம்பல்?"

"கரியில சாம்பல் கூடினா லாரியைத் திருப்பி அனுப்பிடுவோம். இங்க அதுதான் இரும்பு, மெக்னீசியம் மாதிரி தாதுச்சத்து. ஒரு கலோரி கூடத் தராது, ஆனா அது இல்லாம உடம்பு ஓடாது. வைட்டமினும் அப்படித்தான். அது பாவம், நெருப்புலயே போயிடுச்சு."

"அப்ப அட்டையில என்னதான் போடறது?"

பக்கத்துக் கட்டடத்திலிருந்த உணவுச் சோதனைக்கூடத்தில் இரண்டு வகை பிஸ்கட்டையும் கொடுத்து, சத்துகளைத் தனித்தனியாக அளக்கச் சொன்னார்கள். முடிவு வந்ததும் துருவி கணக்குப் போட்டாள். கொழுப்புக்குக் கிராமுக்கு ஒன்பது கலோரி. புரதத்துக்கு நான்கு. மாவுச்சத்துக்கும் சர்க்கரைக்கும் நான்கு. நாருக்கு இரண்டு மட்டும், ஏனென்றால் நம் பெருங்குடலின் நுண்ணுயிர்கள் அதில் ஒரு பகுதியைப் புளிக்கவைத்து, கிடைப்பதில் கொஞ்சத்தை நமக்கும் தருகின்றன. எல்லாவற்றையும் கூட்டியபோது தவிட்டு பிஸ்கட்டின் கலோரி மைதா பிஸ்கட்டைவிடத் தெளிவாகக் குறைந்திருந்தது. அந்தக் கூட்டுத்தொகைதான் அட்டையில் அச்சாயிற்று.