பதினான்கு அம்புகள்

பூமிக்கு அடியில் என்ன நடக்கிறதென்று ஊருக்கே வகுப்பெடுத்தவள், ஒரு கருவி அறைக்குள் அன்றுதான் முதன்முதலாகக் கால் வைத்தாள். ஆறு வருடமாக எல்லாம் கணினித் திரையோடு சரி. நில அதிர்வைப் பதிவு செய்யும் கருவிகளைப் பதித்தது, பேட்டரி மாற்றுவது எல்லாம் அவள் அண்ணன். ஆய்வகத்தின் டெக்னீஷியன், சுவரில் ஓர் ஆணி அடிக்கக்கூட மூன்று தடவை அளக்கிற ஆள்.

கடலடித் தட்டு நிலத்துக்குக் கீழே புகுந்து போகிற இடம் அது. தொலைவில் நிலநடுக்கம் வந்தால், குறுக்கே அதிரும் அலை ஆழத்துப் பாறைக்குள் இரண்டாகப் பிரியும். முந்தி வருவது எந்தத் திசையில் ஆடுகிறதோ, அந்தத் திசையில் பாறை நகர்கிறது என்று கணக்கு. பதினான்கு கருவிகளும் ஆளுக்கொரு திசையைச் சொல்லின. மற்றவர்கள் தலையைச் சொறிந்தார்கள். இவள் மட்டும், கீழே பாறை சுழல்கிறது என்று அடித்துச் சொன்னாள். சந்தேகப்பட்டவர்களின் வாயை அடைத்தாள். பெயர் வந்தது, புத்தகம் அச்சுக்கே போய்விட்டது.

கருவியின் தலையில் வடக்கைக் காட்டும் அம்பு இருந்தது. பதிக்கும்போது அதை வடக்குக்கு நேராகத் திருப்பி வைக்க வேண்டும்; கருவி சொல்லும் திசையெல்லாம் அந்த அம்பை வைத்துத்தான். அண்ணனின் திசைகாட்டியை அதன் பக்கத்தில், தரையில் வைத்துப் பார்த்தாள். இம்மி பிசகவில்லை.

"பாவி மனுஷன், என்ன சுத்தம்!" என்று சிரித்துக்கொண்டே திசைகாட்டியைக் கையில் எடுத்தாள். முள் நகர்ந்தது.

இடுப்பு உயரத்துக்கு வருவதற்குள் நாற்பது டிகிரி திரும்பிவிட்டது. கீழே வைத்தாள், பழையபடி. மறுபடி தூக்கினாள், மறுபடி நாற்பது. அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. கான்கிரீட் தரை, உள்ளே இரும்புக் கம்பி. முள்ளைக் கம்பி இழுத்திருக்கிறது.

ஒன்று போனால் போகட்டும், இன்னும் பதிமூன்று இருக்கிறதே என்று மனதைத் தேற்றிக்கொண்டாள். வெளியே நின்ற அண்ணனைக் கூப்பிட்டாள்.

"அண்ணா... வடக்கு எங்கன்னு எப்படிப் பாத்த?"

கையைத் துடைத்துக்கொண்டே அண்ணன் படியிறங்கி வந்தான். "தரையில வச்சுத்தான். ஏன்?"

"இங்க மட்டுமா?"

"பதினாலு இடத்துலயும். எல்லாம் இதே மாதிரி தரைதானே, வசதியா இருந்துச்சு."

பதினான்கு தரை, பதினான்கு விதமாகக் கம்பி. கீழே பாறை எங்கும் சுழலாமல், சமர்த்தாக ஒரே திசையில் போய்க்கொண்டிருந்திருக்கலாம்.

"கொஞ்சம் கையில தூக்கிப் பாத்திருக்கக் கூடாதா?" அழுகையே வந்துவிட்டது.

அண்ணன் விழித்தான். பிறகு கருவிப்பெட்டியின் மூடியைத் திறந்து, உள்பக்கம் ஒட்டியிருந்த காகிதத்தைக் காட்டினான்.

"கையில பிடிச்சா ஆடும்னு நீதானேம்மா எழுதிக் குடுத்த? நான் ஒரு இடத்துலகூட மீறல."

அவள் கையெழுத்துதான். 'தரையில் வைத்து' என்பதன் கீழே இரண்டு கோடு போட்டிருந்தாள்.