செவ்வந்தியில் ஓர் இதழ்

பார்த்தீனியச் செடியின் இயற்கை எதிரி, துளையிட்ட அட்டைப்பெட்டிக்குள் உட்கார்ந்தபடி, கோடு போட்ட சட்டையுடன் ஆராய்ச்சி நிலையத்துக்கு வந்து சேர்ந்தார். வயது ஐம்பதைத் தாண்டியிருக்கும். உதவியாளர் தவமணி பெட்டியைப் பிரித்து, அவரை வலைக்கூண்டில் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தாள்.

பார்த்தீனியத்தைத் தவிர வேறெதையும் தின்னாத எதிரியைத்தான் அந்தக் களையை அழிக்க வெளியே விடலாம் என்பது விதி. அதனால் அந்தச் செடியின் சொந்தக்காரச் செடிகளை மட்டும், செடிக்கு மூன்று நாள் வீதம், பட்டினியாக இருப்பவர் முன்னால் வைக்க வேண்டும். எதிலாவது பல் பட்டால் ஸ்பிரிட் பாட்டிலுக்குள் போக வேண்டியதுதான். அது எதிரிலேயே அலமாரியில் இருந்தது. அளவு பார்த்துத்தான் வாங்கியிருந்தார்கள்.

சூரியகாந்தியை அவர் ஏறிட்டும் பார்க்கவில்லை. கரிசலாங்கண்ணியை முகர்ந்து தும்மினார். கடைசியாகச் செவ்வந்தி வந்தது, நிலக்கோட்டையில் தவமணியின் அண்ணன் தோட்டத்திலிருந்து.

"உங்க ஊர்ப் பூவா, தங்கச்சி?"

"ஆமா, எதிரி ஐயா. நாளைக்கு ஒரு நாள்தான். பல்லைக் கடிச்சிட்டு இருங்க."

"பல்லுதான் பிரச்சினையே."

மறுநாள் காலை அதிகாரி சத்தியசீலன் இதழ்களை எண்ணினார். ஒன்று குறைந்தது. எதிரி கூண்டின் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சத்தியசீலன் பாட்டில் மூடியைத் திருகினார்.

"நான்தான் சார் தின்னேன்" என்றாள் தவமணி.

"எப்படி இருந்துச்சு?"

"நல்லாத்தான் இருந்துச்சு சார்."

"வேற எதுவும் திம்பீங்களா?"

கண்டதையும் தின்கிற வாயின் சொல்லை நிலையம் ஏற்பதில்லை. "இல்ல சார். செவ்வந்தி மட்டுந்தான்."

எதிரியை அன்றே புறம்போக்கில் கொண்டுபோய் விட்டார்கள். சொன்னது மெய்தானா என்று சோதிக்க, காலியான கூண்டில் தவமணி உட்கார்ந்தாள். தோசையை மூன்று நாள், முருங்கைக்கீரையை மூன்று நாள், கருவாட்டை மூன்று நாள் மறுத்தாள். கருவாடுதான் சிரமமாக இருந்தது. தேறிவிட்டாள். கடல் தாண்டி ஒரு தேசத்தில் செவ்வந்தி களையாக மண்டிக்கிடந்தது. அதைத் தின்ன அங்கிருந்து ஆள் கேட்டுக் கடிதமும் வந்தது.

"தூரமாவே விடுங்க சார். நம்ம தோட்டத்துப் பக்கம் மட்டும் வேண்டாம்" என்று சொல்லிவிட்டு, தவமணி உட்கார்ந்திருந்த பெட்டிக்கு அண்ணன் கயிறு கட்டினான்.

வழியனுப்ப எதிரியும் வந்திருந்தார். கொஞ்சம் சதை போட்டிருந்தார். "முதல் மாசந்தான் கஷ்டம், தங்கச்சி. அப்புறம் மத்ததெல்லாம் சாப்பாடாவே தெரியாது" என்று துளையருகே குனிந்தார். மீசையில் மஞ்சளாக ஓர் இதழ் ஒட்டியிருந்தது.

"அண்ணன் நிக்குது" என்று தவமணி மெல்லச் சொன்னாள். துளை வழியாக விரலை நீட்டி இதழை எடுத்தாள். வைக்க இடமில்லாததால் வாயில் போட்டுக்கொண்டாள். அதிகாரியிடம் சொன்னபடி, நன்றாகத்தான் இருந்தது.