ஒரு பைக்கில் இரண்டு ஓட்டம்

றெனால்டுக்குத் தன் மனைவிமேல் பொறாமை. இதை அவன் முகத்துக்கு நேரே சொன்னால் ஸ்பானரைத் தூக்கிக்கொண்டு வருவான். ஆனால் உண்மை அதுதான். பக்கத்து வீட்டுக்காரன் மாடி கட்டினால் பொறாமைப்படலாம், கூடப் படித்தவன் கனடா போனால் பொறாமைப்படலாம். அதை ஊர் மன்னிக்கும். கட்டின மனைவி தன்னைவிட நன்றாக மோட்டார் சைக்கிள் ஓடுகிறாள் என்று வயிறு எரிகிறவனை என்ன செய்வது? பாவசங்கீர்த்தனத்துக்குப் போனவன்கூட இதை விழுங்கிவிட்டு, கெட்ட வார்த்தை பேசினேன் என்று மட்டும் சொல்லி எழும்பி வந்தான்.

இத்தனைக்கும் எல்லாவற்றையும் தொடங்கி வைத்தவன் அவன்தான். தோட்டவெளியில் படகு எஞ்சின் திருத்துகிற றெனால்டுக்கு, மேடு பள்ளத்தில் பைக் பறக்கிற ஓட்டப் போட்டிகளைப் போனில் பார்த்துப் பார்த்துப் பித்துப் பிடித்திருந்தது. கல்யாணமான அடுத்த வருஷமே கொழும்பிலிருந்து ஒரு பழைய யப்பான் ட்ரெயில் பைக்கை லொறியில் ஏற்றுவித்தான். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் வெள்ளைச் சட்டையைக் கழற்றி எறிந்துவிட்டுக் கடற்கரைக்குப் போய்விடுவான். பனங்கூடலுக்குப் பின்னால், பழைய வலை மிதவைகளை அடையாளத்துக்கு நட்டு, அவனும் உப்புக்குளத்து உடுப்புக் கடைக்காரன் ஹுசைனும் இன்னும் சிலரும் ஓடிப் பழக ஒரு பாதை போட்டிருந்தார்கள்.

மன்னார்த் தீவில் பைக் ஓடுகிறவனுக்கு ஒரு பழக்கம் உண்டு. தார் றோட்டை விட்டு மணலுக்குள் இறங்க முதல், குந்தியிருந்து ரயரில் காற்றை இறக்குவான். பெருவிரலால் அமத்தினால் பழுத்த மாம்பழம் மாதிரி அமுங்க வேண்டும். காற்று நிறைந்த ரயர் மணலில் புதைந்துவிடும். தளர்ந்த ரயர் மேலால் போகும். இதை மன்னார் ஆட்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. றோட்டு முடிகிற இடத்தில் கை தானாக வால்வுக்குப் போகும்.

மனைவி டினோஜா முதலில் வந்தது வீடியோ எடுக்கத்தான். பேசாலைப் பெண். மன்னார் பஸாரில் ஒரு போன் கடையில் வேலை. கணவன் மணலைக் கிளப்பிக்கொண்டு போவதையும் வளைவில் சரிவதையும் பொறுமையாக எடுத்துக் கொடுப்பாள். ஒரு நாள் போனை ஹுசைனிடம் கொடுத்துவிட்டு, "இஞ்சருங்கோ, நானும் ஒருக்கா ஓடிப் பாக்கட்டே?" என்று கேட்டாள்.

றெனால்டுக்குச் சந்தோசம் தாங்கவில்லை. என்னைப் போல ஒரு கணவன் இந்தத் தீவில் உண்டா என்ற நினைப்பு. பிடித்து ஏற்றிவிட்டான். கிளச் எது, பிறேக்கை எங்கே தொடக்கூடாது, மணலில் ஏன் எழும்பி நின்றுகொண்டு ஓட வேண்டும் என்றெல்லாம் பின்னாலேயே ஓடி ஓடிச் சொல்லிக் கொடுத்தான். அவள் விழுந்தபோது சிரித்தான். தூக்கிவிட்டபோது பெருமையாக இருந்தது. அந்தப் பெருமை மாரி மழை முடியும்வரைகூட நிற்கவில்லை.

மணலுக்கு ஒரு குணம். பயந்தவனைத்தான் அது பிடிக்கும். வளைவு வந்ததும் றெனால்டின் கை அவனைக் கேட்காமலே அக்சிலேற்றரைத் தளர்த்தும். டினோஜாவின் கை முறுக்கும். அவ்வளவுதான் வித்தியாசம். அந்த வித்தியாசத்தை றெனால்ட் எத்தனையோ முறை திருத்தப் பார்த்தான். முடியவில்லை. இன்றைக்கு முறுக்குவேன் என்று சபதம் எடுத்துக்கொண்டு போவான். மிதவைக்குக் கிட்டப் போனதும் கை தளர்ந்துவிடும். பயத்துக்கு மருந்து எந்தக் கடையில் விற்கிறது?

அவனுடைய வீடியோக்களை அவனுடைய தாய் அன்ரோனெற்றே முழுதாகப் பார்த்ததில்லை. டினோஜாவின் வீடியோ ஒன்றை ஹுசைன் எடுத்துப் போட்டான். அது தலைமன்னார் போய், கடல் தாண்டி, பாரிசில் இருக்கிற சித்தப்பாவின் போனுக்கே போய்ச் சேர்ந்தது. சித்தப்பா கோல் எடுத்தார். "மருமகள் எப்பிடியடா? என்ன ஓட்டமடா அது!" என்றார். நீ எப்படி என்று ஒரு வார்த்தை இல்லை. மீன் வாங்கப் போனால், "இவர்தான் அந்தப் பைக் ஓடுற பிள்ளையின்ட புருசன்" என்று தராசுக்காரர் பக்கத்திலிருந்தவருக்குக் காட்டினார். றெனால்ட் பல்லைக் காட்டிச் சிரித்தான். வளர்த்த கடா மார்பில் பாய்ந்தது என்று நினைத்தான். பிறகு, கட்டினவளைப் போய்க் கடாவென்று நினைத்தேனே என்று வெட்கப்பட்டான். வெட்கத்தால் எரிச்சல் குறைந்ததா என்றால், இல்லை.

அந்த நேரத்தில்தான் முருங்கனில் போட்டி வந்தது. பெரும்போக அறுவடை முடிந்த வயலில் புதியவர்களுக்கு ஒரு மோட்டார் சைக்கிள் ஓட்டம். அது முடிந்ததும் முதல்முறையாகப் பெண்களுக்கும் ஒன்று. ஒழுங்கு செய்தவர் முருங்கனில் ரக்டர் வைத்திருக்கிற எமிலியானுஸ். ஹுசைன் தன் பைக்கில் ஓடப் பெயர் கொடுத்தான். றெனால்டும் டினோஜாவும் கொடுத்தார்கள். இவர்களுக்கு இருப்பது ஒரு பைக். முதலில் அவன் ஓடுவது, பிறகு அதிலேயே அவள் ஓடுவது. தன்னுடைய முதல் போட்டி என்று அவள் ஒரு கிழமையாகச் சோறு இறங்காமல் திரிந்தாள்.

காலையில் ஹுசைனின் தெரிந்தவருடைய லொறியில் இரண்டு பைக்கையும் ஏற்றிக்கொண்டு பாலம் தாண்டிப் போனார்கள். டினோஜா இறங்கியதும் நேரே வயலுக்குள் நடந்தாள். ஒரு சுற்று முழுவதும் நடந்து, வரம்புகளைக் காலால் தட்டிப் பார்த்துவிட்டு வந்தாள். அதற்குள் றெனால்ட் பைக்கின் முன்சில்லுக்குப் பக்கத்தில் குந்தி, ரயரின் வால்வில் கை வைத்துவிட்டான். காற்று சீறிக்கொண்டு போனது.

"இறக்காதேங்கோ. இது எங்கட மணல் இல்லை. முருங்கன் களி, காய்ஞ்சு கல்லாக் கிடக்கு. காத்துக் குறைஞ்சா, வரம்பு அடிக்கேக்க ரியூப்பைக் கடிச்சுப் போடும்."

"எனக்கு நீ படிப்பிக்கிறியோ?"

"படிப்பிக்கேல்லை. நடந்து பாத்திட்டுச் சொல்லுறன்."

"நான் பைக் தொடேக்க நீ ஸ்கூட்டி ஓடவும் பயந்தனி."

பக்கத்தில் நின்ற ஹுசைன் அவளையும் பார்த்தான், நிலத்தையும் பார்த்தான். பிறகு பம்பை எடுத்துத் தன் ரயர்களுக்குக் காற்று அடிக்கத் தொடங்கினான். அவள் சொன்னதை உடுப்புக் கடைக்காரன் கேட்டான். கட்டினவன் கேட்கவில்லை. அவள் சொன்னது சரி என்று றெனால்டுக்கு உள்ளுக்குள் தெரியும். தெரிந்ததால்தான் இன்னும் கொஞ்சம் இறக்கினான்.

எமிலியானுஸ் கொடியை இறக்கினார். பைக்குகள் இரைந்துகொண்டு பாய்ந்தன. ஹுசைனின் எஞ்சின் முதற் சுற்றிலேயே சூடேறி இறுகி நின்றுவிட்டது; தள்ளிக்கொண்டு வெளியே வந்தான். றெனால்ட் ஐந்தாவதாகவோ ஆறாவதாகவோ போய்க்கொண்டிருந்தான். அன்றைக்குப் பார்த்து அவன் கை தளரவில்லை. டினோஜா பார்க்கிறாள் என்ற ஒரே நினைப்பில் வளைவில் முறுக்கினான். இரண்டு பேரைக் கடந்தான். ஆகா என்று நெஞ்சு விரிந்தது. அதே வேகத்தில் வரம்பில் ஏறினான். முன்சில்லு மடாரென்று அடித்தது. பைக் ஒரு பக்கம் போக, அவன் ஒரு பக்கம் போய்க் களிக்கட்டிகளில் உருண்டான்.

எழும்பிப் பார்த்தான். முன் ரயர் சப்பையாகக் கிடந்தது. சில்லின் வளையமும் ஓரிடத்தில் நெளிந்திருந்தது.

இப்போது அவன் மனதில் வந்ததைச் சொல்லாமல் விட்டால் கதை பொய்யாகிவிடும். அவனுக்கு முதலில் வந்தது கவலை இல்லை. இனி அவளும் ஓட முடியாது என்ற நினைப்பு வந்தது. அதோடு ஒரு சந்தோசம், வெயிலில் தண்ணீர் குடித்த மாதிரி, தொண்டை வழியே இறங்கியது.

டினோஜா ஓடி வந்தாள். சொன்னனான்தானே என்று கேட்பாள், அதைப் பிடித்துக்கொண்டு பெரிய சண்டையாக்கலாம் என்று அவன் தயாராக நின்றான். அவள் கேட்டது வேறு.

"எங்க நோகுது? காலை மடக்குங்கோ பாப்பம்."

பைக்கைத் தூக்கிக்கொண்டு வந்து மரநிழலில் விட்டார்கள். ஹுசைன் சில்லைப் பார்த்தான். ஹுசைனுக்கு ஓடத் தெரியும். கழற்றிப் பூட்டத் தெரியாது. அவன் பைக்குக்கு எல்லாம் செய்வது றெனால்ட்தான்.

"என்ட முன்சில்லைக் கழட்டிப் பூட்டு மச்சான். நான் இனி ஓடப் போறேல்லைதானே. ரெண்டும் ஒரே சாதிப் பைக்."

றெனால்ட் நிமிரவில்லை. "பொருந்தாது."

"ஏன் பொருந்தாது?"

"உன்டது வேற வருஷத்துப் பைக். அச்சு தடிப்புக் கூட."

"பாத்தா ஒரே மாதிரிக் கிடக்கு."

"அப்ப நீயே பூட்டு."

ஹுசைன் விடுகிற ஆள் இல்லை. வைத்தாவது பார்ப்போம் என்று குனிந்தான். டினோஜா அவனைத் தடுத்தாள்.

"வேண்டாம் ஹுசைன் நானா. இவர் பொருந்தாது எண்டா பொருந்தாது. நான் ஓட வேணும் எண்டு இவரை விட ஆருக்கு விருப்பம்?"

சொல்லிவிட்டுக் கையுறைகளைக் கழற்றினாள். விரல் விரலாகக் கழற்றினாள். பெண்களின் ஓட்டத்துக்கு ஆட்கள் சேரத் தொடங்கியிருந்தார்கள். வவுனியாவிலிருந்து வந்த இரண்டு பெண்பிள்ளைகள் பைக்கை உதைத்து எஞ்சினைச் சூடாக்கினார்கள். அவர்களைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு எமிலியானுஸிடம் போய், தான் ஓடவில்லை என்றாள். றெனால்டுக்கு எல்லாம் கேட்டது.

"என்ன பிள்ளை இது, உம்மைப் பாக்கத்தானே பாதிச் சனம் வந்திருக்கு," என்றார் அவர். "உம்மட மனுசன் காத்தைக் கவனிச்சிருக்க வேணும்."

"அவரைப் பேசாதேங்கோ அண்ணன். பைக் வாங்கினது அவர். பழக்கினது அவர். விழுந்தா தூக்கி விட்டது அவர். வேற எந்த மனுசன் விடுவான்? அடுத்த முறை பாப்பம்."

அவள் குரல் உடையவில்லை. உடைந்திருந்தால் றெனால்ட் தாங்கியிருப்பான். திட்டியிருந்தால் இன்னும் நன்றாகத் தாங்கியிருப்பான். தன்னை நம்பி, தன் பொய்க்கே காவல் நிற்கிறவளை எப்படித் தாங்குவது? தண்ணீர் மாதிரி இறங்கிய அந்தச் சந்தோசம் நெஞ்சுக்குள் திரண்டு நின்றது. அவன் எழும்பினான். முழங்கால் நொந்தது. நொண்டிக்கொண்டு போனான்.

"பொருந்தும்."

இரண்டு பேரும் திரும்பினார்கள்.

"என்ன பொருந்தும்?" என்றாள் டினோஜா.

"ஹுசைன்ட சில்லு. பொருந்தும். போன மாசம் நானே மாத்திப் பூட்டிப் பாத்தனான்."

எமிலியானுஸ் கையிலிருந்த கொடியைச் சுருட்டினார்; பிறகு விரித்தார். பின்னாலேயே வந்த ஹுசைன், கேட்கக்கூடாததைக் கேட்டவன் போல வேறு பக்கம் திரும்பிக்கொண்டான். டினோஜாவின் முகத்தில் முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு மெல்ல, கழுத்திலிருந்து மேலே சிவந்துகொண்டு வந்தது.

"அப்ப ஏன் பொருந்தாது எண்டனியள்?"

எத்தனையோ சாட்டு வாய்க்குள் வந்தது. அச்சைக் குழம்பிவிட்டேன், தலை அடிபட்டது, மறந்துவிட்டேன். அவள் எதைச் சொன்னாலும் நம்புவாள் என்று அவனுக்குத் தெரிந்தது. அதனால் ஒன்றையும் சொல்ல முடியவில்லை.

"எனக்கு எரிச்சல்," என்றான்.

"ஆர் மேல?"

"உன்ட மேலதான்."

"எவ்வளவு நாளா?"

"நீ எழும்பி நிண்டு ஓடத் தொடங்கின நாளில இருந்து."

அவள் அவனை மேலும் கீழும் பார்த்தாள். கல்யாணத்துக்குக் கேட்டு வந்த அன்று பார்த்ததைவிடக் கூர்மையாகப் பார்த்தாள். அடிப்பாளோ என்று ஹுசைன் பயந்தான். அழுவாளோ என்று எமிலியானுஸ் பயந்தார். அவள் இரண்டும் செய்யவில்லை. கழற்றிய கையுறையை இழுத்துத் திரும்பப் போட்டாள்.

"எரியட்டும்," என்றாள். "இப்ப சில்லைப் பூட்டுங்கோ."

எமிலியானுஸ் ஓட்டத்தைக் கொஞ்ச நேரம் தாமதித்துத் தருகிறேன் என்றார். றெனால்ட் முழங்காலிட்டு இருந்து ஹுசைனின் சில்லைக் கழற்றினான், தன்னுடைய நெளிந்த சில்லைக் கழற்றினான், நல்லதை எடுத்து அச்சில் கொடுத்தான். டினோஜா தலைக்குமேல் நின்று ஹெல்மெட்டின் வாரை இறுக்கிக்கொண்டிருந்தாள். நிழல் அவன் கையில் விழுந்தது. வேலியோரத்துச் சனம் அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டது. அவன் பெயரைச் சொல்லி அன்றைக்கு யாரும் கூப்பிடவில்லை. இனிமேலும் கூப்பிடப் போவதில்லை. அது அந்தக் கணத்தில் அவனுக்கு நிச்சயமாகத் தெரிந்துவிட்டது.

அச்சின் நட்டில் ஸ்பானர் இருந்தது. ஒரு சுற்றுக் குறைத்து விட்டாலும் யாருக்கும் தெரியாது. அவள் குனிந்து பார்க்க மாட்டாள். இத்தனைக்குப் பிறகும் அவன் வேலையை அவள் சோதிக்கவில்லை. வயலைத்தான் பார்த்துக்கொண்டு நின்றாள்.

நட்டை இறுக்கினான். உள்ளே இன்னும் எரிந்துகொண்டுதான் இருந்தது. ஸ்பானரைத் திரும்ப வைத்து, இன்னொரு தடவை இறுக்கினான்.