கிழக்குச் சுவர்

எங்கள் குசினிச் சுவரை என் கணவர் உடைத்தது ஒரு சனிக்கிழமை காலை ஆறு மணி பத்து நிமிடத்துக்கு. எந்த வீட்டில் சுவர் உடைக்க நிமிடக் கணக்குப் பார்ப்பார்கள் என்று கேட்காதீர்கள். நேரம் குறித்துத் தந்தவர் இவருடைய தமக்கை பாலாம்பிகை மச்சாள். அவர் குறித்தால் குறித்ததுதான். அவர் இந்தக் கனேடிய ஆற்றுத் தீவின் ஒரு கோடியில், கர்க்லாண்டில், பெரிய வீட்டில் இருக்கிறார். நடுவில் கருங்கல் மேசை போட்ட குசினி. அந்த மேசையைப் பார்த்த நாளிலிருந்து இவருக்குத் தமக்கை சொல்வதெல்லாம் வேதவாக்கு.

எங்களுடையது தீவின் நடுவில், வில்லரேயில், நூறு வயதை நெருங்கும் வீடு. மேலே ஒரு வாடகைக்காரர், கீழே நாங்கள். தரை ஒரு பக்கம் சரிவு. உருளைக்கிழங்கு கை தவறினால் கூடத்தில் போய்த்தான் பொறுக்க வேண்டும். குசினியில் பிளக் இரண்டே இரண்டு. ஒன்று பின்பக்க யன்னலடியில் இருந்ததால், வீடு வாங்கிய அன்றே பிரிட்ஜை யன்னலுக்கு முன்னால் நிறுத்திவிட்டோம். பத்தொன்பது வருடம் அது அங்கேயே நின்றது. நான் அதற்கு எதிர்ச் சுவரில் இருந்த அடுப்பில், யன்னலுக்கு முதுகைக் காட்டியபடி, மஞ்சள் ஏறிய சுவரைப் பார்த்துக்கொண்டே மீன் பொரித்தேன். புகை போக வழியில்லை. அது என் தலையில்தான் குடியிருந்தது.

நான் வேலை செய்யும் கார்டெரியில், அதாவது குழந்தைகள் காப்பகத்தில், ஒருநாள் நாலு வயதுக் குழந்தை ஒன்று என்னைக் கட்டிப்பிடித்து, "உன் தலைமயிர் மத்தியானச் சாப்பாடு மாதிரி மணக்குது," என்று பிரெஞ்சில் சொன்னது. பிள்ளை நல்லதாகத்தான் சொன்னது. எனக்கு அழுகை வந்துவிட்டது. குசினியைத் திருத்தினால் அடுப்பு யன்னலுக்குப் பக்கத்தில்தான் என்று அன்றைக்கே முடிவெடுத்தேன். புகை சுவரில் போடும் துவாரத்தால் நேரே வீட்டுக்குப் பின்னால் போகும் ஒழுங்கைக்குப் போய்விடும். நான் சுவரைப் பார்க்காமல் உலகத்தைப் பார்ப்பேன். வேறொன்றும் கேட்கவில்லை. கருங்கல் மேசை கூடக் கேட்கவில்லை.

"அடுப்பு கிழக்குப் பாத்து இருக்கவேணும்," என்றார் மச்சாள் தொலைபேசியில். "இவ்வளவு காலமும் வடக்குப் பாத்துச் சமைச்சபடியால்தான் தம்பிக்கு முழங்கால் நோகுது."

கிழக்கு எது என்பதில் இவருக்குச் சந்தேகமே இல்லை. எங்கள் தெருப் பலகையில் பெயருக்குப் பின்னால் 'எஸ்ட்', அதாவது கிழக்கு, என்று எழுதியிருக்கிறது. "வீட்டு நம்பர் கூடிக்கொண்டு போற பக்கம் கிழக்கு. நகரசபையே எழுதி வைச்சிருக்கு," என்றார். அந்தப் பக்கத்துச் சுவர் அயல் வீட்டோடு ஒட்டியது. யன்னலும் இல்லை, புகை போக ஓட்டை போடவும் இடமில்லை.

"காலமை பிரிட்ஜ் இடுக்காலை என்ரை பிடரியிலை வெயில் படுது," என்றேன். "அப்ப கிழக்கு யன்னல் பக்கமெல்லோ?"

"உமக்கென்ன விசரே? அது பின்வீட்டுக் கண்ணாடியிலை பட்டுத் தெறிக்கிற வெயில். யன்னல் பக்கம் தெற்கு."

"தெற்கிலை இருந்து விடியக்காலமை வெயிலோ?"

"கனடாவிலை சூரியன் சரிஞ்சுதான் வரும்," என்று முடித்துவிட்டார். தரையும் சரிவு, சூரியனும் சரிவு. இவருடைய மூளை மட்டும் நேராக இருக்கிறதாக்கும்.

அந்தச் சுவரின் பழைய சாந்தை உடைத்து அடுப்புக்கு இடம் பண்ணும் வேலைக்கு அருமைநாதனைப் பிடித்தோம். மன்னார்ப் பக்கத்து ஆள். பழைய வீடுகளைத் திருத்தியே இருபது வருடம் ஓட்டியவர். வந்தவுடன் சுவரைத் தட்டிக் காதை வைத்துக் கேட்டார்.

"அண்ணை, பழைய சுவருக்குள்ளை என்ன இருக்குதெண்டு கட்டினவனுக்கும் கடவுளுக்கும்தான் தெரியும். முதல் சின்னதா ஒரு ஓட்டை போட்டு லைட் அடிச்சுப் பாப்பம். புதன்கிழமை வாறன். அதுவரை ஒருத்தரும் சுவரிலை கை வைக்காதேங்கோ."

ஆனால் செவ்வாய்க்கிழமை மார்கழி பிறக்கிறது. மார்கழியில் புதுக் காரியம் தொடங்கக்கூடாது. முதலே தொடங்கிவிட்டால் மட்டும் தொடரலாமாம். ஆகவே தொடங்கிவிடுவது என்று அக்காவும் தம்பியும் முடிவு செய்தார்கள்.

சனிக்கிழமை விடியவே மச்சாள் வந்துவிட்டார். சுத்தியலுக்குச் சந்தனப் பொட்டு வைத்தார். இவர் கிழக்கு நோக்கிக் கும்பிட்டு, அதே கிழக்குக்கு ஓங்கி ஒரு அடி போட்டார். ஒரு அடியோடு நிறுத்தியிருந்தால் சாத்திரமும் பிழைத்திருக்கும், சுவரும் பிழைத்திருக்கும். தமக்கை பார்க்கிறார் என்ற வீரத்தில் இவர் நிறுத்தவில்லை. நூறு வருடத்துச் சாந்து எங்கள் தலையில் கொட்டியது. ஆறரைக்கு மேல்வீட்டுக்காரர் காலால் தரையை உதைத்தார். ஏழு மணிக்குச் சுவரில் ஒரு ஆள் நுழையக்கூடிய துவாரம்.

உள்ளே துணி சுற்றிய பழைய வயர்கள் தொங்கின. அவற்றுக்கு நடுவில், என் இடுப்பளவு இருக்குமோ என்று தோன்றும் தடிப்பில், ஒரு கறுத்த இரும்புக் குழாய் மேலிருந்து கீழே இறங்கியது.

"அடித்தளத்துக்குப் போற தூண் போலை," என்றார் இவர்.

"நல்ல பலமான வீடு, தம்பி," என்றார் மச்சாள்.

அந்த நேரம் பார்த்து மேல்வீட்டுக்காரர் கக்கூஸில் தண்ணீர் இழுத்துவிட்டார். தூண் பெரிய சத்தத்தோடு மேலிருந்து கீழே குமுறி ஓடியது. மூன்று பேரும் அது முடியும்வரை மேலும் கீழும் பார்த்தோம். மச்சாள் சந்தனக் கிண்ணத்தை மெல்ல மூடினார்.

புதன்கிழமை வந்த அருமைநாதன் ஏசவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. முதல் வேலையாகக் குசினிக்கு வரும் மின்சாரத்தை நிறுத்தினார்.

"வயர் முழுக்க மாத்தவேணும், அதுக்கு லைசென்ஸ் உள்ள ஆள் வரவேணும். குழாயை அசைக்கேலாது, அண்ணை. ஒரு சின்ன ஓட்டை போட்டிருந்தால் அரைமணித்தியாலத்திலை உதெல்லாம் தெரிஞ்சிருக்கும்." பிறகு என்னைப் பார்த்தார். "அக்கா, பொங்கல் முடியக் குசினி அலுமாரி அடிக்கத் தொடங்குவன். அதுக்குள்ளை அடுப்பு எங்கையெண்டு சொல்லுங்கோ. ஒருக்கா அடிச்சால் பேந்து மாத்தேலாது."

ஒரு மாதம் கூடத்தில் சோறாக்கி, குளியல் தொட்டியில் சட்டி கழுவினோம். நான் குளிக்கப் போனால் காலடியில் கடுகு. இவ்வளவுக்குப் பிறகும் இவர், கூடத்தில் ஒட்டி வைத்த குசினி வரைபடத்தில், அடுப்பை அந்தச் சுவரைவிட்டு அசைக்கவில்லை.

"கக்கூஸ் குழாயைப் பாத்தே நான் சமைக்கிறது?" என்று கத்தினேன்.

"பிள்ளையார் படம் ஒண்டு கொழுவினால்..." என்று தொடங்கினார்.

"ரவி! கக்கூஸ் குழாயிலை பிள்ளையாரோ!" என்று இவர் கையிலிருந்த தொலைபேசிக்குள்ளிருந்து மச்சாளே அதட்டினார். கொஞ்சம் யோசித்துவிட்டு, "பலகை அடிச்சு மூடிவிடு. உள்ளுக்கை இருக்கிறது சாத்திரத்துக்குத் தெரியாது," என்றார்.

அன்றைக்கு நான் சண்டை போடுவதை நிறுத்தினேன். களைத்துப் போய்விட்டேன். இன்னும் இருபது வருடம் ஒரு பலகையைப் பார்த்துக்கொண்டு, தலையில் புகையோடு நிற்கத்தான் எனக்கு எழுதியிருக்கிறது என்று நினைத்து, தொட்டிக்குள் கிடந்த சட்டியை ஆத்திரம் தீரத் தேய்த்தேன்.

தைப்பொங்கல் வந்தது. வயர் மாற்றியாயிற்று, ஆனால் உயிருள்ள பிளக் ஒன்றுதான், அதுவும் அந்தச் சுவரோரத்தில். பிரிட்ஜ் கூடத்துக்குப் போயிருந்தது. யன்னலில் குளிருக்கு ஒட்டியிருந்த பிளாஸ்டிக்கையும் அருமைநாதன் உரித்திருந்தார். துவாரத்தை மூடி அடித்த பலகைக்கு முன்னால் முக்காலி வைத்து, அதன்மேல் மின்னடுப்பு வைத்து, பானை ஏற்றினோம். மச்சாள் பட்டுச்சேலையோடு நின்று எல்லோரையும் கிழக்கு நோக்கி நிற்கச் செய்தார். புகை மணி அலறாமலிருக்க இவர் அதன்மேல் சோப்பிங் பையைக் கட்டினார்.

"இனிச் சூரியன் வாற நேரம். கும்பிடுங்கோ," என்றார் மச்சாள். கற்பூரம் ஏற்றிப் பலகைக்குக் காட்டினார். கண்ணை மூடினோம்.

என் வலக்காது சுட்டது.

கண்ணைத் திறந்தேன். பின் ஒழுங்கைக் கூரைகளுக்கு மேலே, மறைப்பில்லாத யன்னலுக்கு நேர் நடுவில், சூரியன் வந்து நின்றது. தெறித்த வெயில் இல்லை, முழுச் சூரியன். நாங்கள் மூன்று பேரும் அதற்குப் பக்கவாட்டில் நின்று, மேல்வீட்டுக் கக்கூஸ் குழாய்க்குக் கற்பூரம் காட்டிக்கொண்டிருந்தோம்.

"மச்சாள்," என்றேன். "கொஞ்சம் திரும்பிப் பாருங்கோ."

பார்த்தார். கையில் கற்பூரம் எரிந்துகொண்டே இருந்தது. இவர் சூரியனையும் பலகையையும் மாறி மாறிப் பார்த்தார், இரண்டில் ஒன்று பிழையென்று ஒத்துக்கொள்ளட்டும் என்பது போல.

அந்த நேரம் அருமைநாதன் கருவிப் பெட்டியோடு உள்ளே வந்தார். பொங்கல் சாப்பிட நான்தான் கூப்பிட்டிருந்தேன்.

"தம்பி, இந்த ஊரிலை சூரியன் எந்தப் பக்கத்தாலை வரும்?" என்று கேட்டேன்.

"உங்கடை யன்னலாலைதான், அக்கா. இஞ்சத்தைத் தெருப்பலகையிலை இருக்கிற கிழக்கு, இந்தத் தீவைச் சுத்தி ஓடுற ஆறு போற பக்கம். சூரியன் வாற பக்கமில்லை. அது எல்லாருக்கும் தெரிஞ்ச கதைதானே."

"உதை முதலே சொல்லியிருக்கலாமெல்லோ!" என்று இவர் பாய்ந்தார்.

"நான் வேதக்காரன், அண்ணை, சேர்ச்சுக்குப் போறவன். எனக்கு உங்கடை திசைச் சாத்திரம் தெரியாது. சுவரை உடைக்க முன்னம் என்னட்டை ஒண்டும் கேக்கவும் இல்லையே."

பானைக்குள் பால் நுரைக்கத் தொடங்கியது. நான் யாரையும் கேட்கவில்லை. முக்காலியை அடுப்போடும் பானையோடும் மெல்ல யன்னலடிக்கு இழுத்தேன். பாதி வழியில் வயர் எட்டவில்லை. அருமைநாதன் பெட்டியிலிருந்து தடித்த நீட்டு வயரை எடுத்துப் பொருத்தினார். சூரியனுக்கு நேரே பானையை வைத்தேன். பால் பொங்கி நாலு பக்கமும் வழிந்து, தரையின் சரிவில் கூடத்தை நோக்கி ஓடியது. ஒருவரும் துடைக்கவில்லை.

மச்சாள் ஒரு பெயின்ட் வாளியின் மேல் மெல்ல உட்கார்ந்தார், பட்டுச்சேலையோடு.

"தம்பி," என்றார் அருமைநாதனிடம், குரலைத் தாழ்த்தி. "கர்க்லாண்டிலையும் உப்பிடித்தானோ?"

"அதே தீவுதானே, அக்கா. அங்கையும் அதே கிழக்குத்தான்."

மச்சாள் சேலைத் தலைப்பால் நெற்றியைத் துடைத்தார். அந்தக் கருங்கல் மேசையையும் அதோடு ஒட்டிய அடுப்பையும் பன்னிரண்டு வருடத்துக்கு முன் தெருப்பலகை பார்த்துத்தான் வைத்தார் என்று எனக்குத் தெரியும். பாவமாகவும் இருந்தது, சந்தோசமாகவும் இருந்தது. சந்தோசம்தான் கூட.

இவர் பென்சிலை எடுத்து, கூடத்துச் சுவரில் ஒட்டியிருந்த வரைபடத்தில் அடுப்பை அழித்து யன்னலுக்குப் பக்கத்தில் கீறினார். "நான் முதலே யோசிச்சனான்," என்றும் சொன்னார். பொங்கல் நாளில் சண்டை வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

அகப்பையோடு யன்னலடியில் நின்று பொங்கலைக் கிண்டினேன். பத்தொன்பது வருடமாகப் பிடரியில் பட்ட வெயில் அன்றைக்கு முகத்தில் பட்டது. என்னையறியாமல் கண் கலங்கியது.

"கண் கூசுதே?" என்று இவர் கரிசனையாகக் கேட்டார். "யன்னலுக்கு ஒரு திரை போட்டுவிடட்டே?"

"அந்த யன்னலிலை ஒருக்காக் கை வைச்சுப் பாருங்கோ," என்றேன், அகப்பையை ஓங்கி.