பச்சைக் கப்பலின் பதினாறு படிகள்

ஜெகதாம்பாள் அத்தை பதினாறு படி ஏறுவார் என்று இன்று சாயங்காலம் ஜெர்மனிக்கு வாக்குக் கொடுத்துவிட்டேன். அத்தையைக் கேட்டுக்கொண்டு கொடுக்கவில்லை. அவருக்கு இரண்டு முட்டியும் தேய்ந்துபோயிருக்கிறது. எங்கள் காம்பவுண்டின் மொட்டைமாடிக்கே மூன்று வருடமாக அவர் ஏறியதில்லை. வீட்டில் எல்லோரும் தூங்கிவிட்டார்கள். நான் மட்டும் சமையலறையில் உட்கார்ந்திருக்கிறேன். 

மண்ணூர்பேட்டையில் எங்கள் காம்பவுண்டில் நான்கு குடித்தனம். யாருக்கு எந்த ஃபாரம் நிரப்ப வேண்டியிருந்தாலும் என்னிடம்தான் வரும். எட்டாவது படிக்கும்போதே ரயில் ரிசர்வேஷன் ஃபாரம் நிரப்ப ஆரம்பித்தேன். இப்போது பிளஸ் ஒன் முடித்துவிட்டேன். இதுவரை ஒரு ஃபாரம் திரும்பி வந்ததில்லை. "புஷ்பா கைபட்டா கன்ஃபார்ம்" என்று வீரராகவன் மாமா எல்லோரிடமும் சொல்வார். அவர்தான் ஜெகதாம்பாள் அத்தையின் வீட்டுக்காரர். இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஃபிட்டராக இருந்து ரிடையர் ஆனவர்.

அவர்கள் மகன் உத்தமன் அண்ணன் ஜெர்மனியில் மெஷின் கம்பெனியில் வேலை செய்கிறார். வருகிற செப்டம்பரில் அப்பா அம்மாவை அங்கே கூப்பிட்டு, ஆற்றிலேயே ஏழு நாள் போகும் கப்பலில் அனுப்பப் போகிறாராம். இரண்டு கப்பல் கம்பெனிகளின் புத்தகங்களைத் தபாலில் அனுப்பி, 'எது வேண்டும் என்று நீங்களே பார்த்துச் சொல்லுங்கள், ஃபாரத்தைப் புஷ்பாவை நிரப்பச் சொல்லுங்கள்' என்று எழுதியிருந்தார். ஒன்று நீல அட்டை, ஒன்று பச்சை அட்டை. இரண்டும் இங்கிலீஷில் இருந்தன. அவை வந்த அன்று இரவு மாமா, அத்தை, நான் மூன்று பேரும் அவர்கள் வீட்டுத் தரையில் புத்தகங்களை விரித்துக்கொண்டு உட்கார்ந்தோம்.

"மொதல்ல எஞ்சின் எத்தினி குதிரைன்னு பாரு," என்றார் மாமா.

"அதெல்லாம் போடல மாமா."

"போடலயா? ரெண்டு பேருமா போடல? இன்னா கம்பெனி நடத்துறானுங்க?"

"யோவ், நீ இன்னா ஓட்டிக்கினா போப்போற? கம்முனு குந்திக்கினு வரப்போற," என்றார் அத்தை. "சோறு போடுவானா, அத்தப் பாரு புஷ்பா."

பார்த்தேன். நீலத்தில் சோறு என்று எதுவும் இல்லை. பச்சையில் வெள்ளிக்கிழமை மத்தியானம் மீனும் சோறும்.

"ஒரு நாளாச்சும் போடுறானே, நல்லவன்தான்," என்றார் அத்தை.

நீலக் கப்பல் எட்டு ஊரில் நிற்கும். லிஃப்ட் உண்டு என்று ஒரு மூலையில் போட்டிருந்தது. அதை நான் படித்துக் காட்டியபோது, "கப்பலுக்குள்ளார லிஃப்ட்டா!" என்று மாமா எழுந்தே நின்றுவிட்டார். பச்சைக் கப்பல் ஐந்தே ஊரில்தான் நிற்கும், மெதுவாகப் போகும். ஆனால் அதன் நடுப்பக்கத்துக்கு முன்னால் ஒரு படம் இருந்தது. ஒரு அம்மா கட்டிலில் தலையணைமேல் சாய்ந்து படுத்திருக்கிறாள். பக்கத்தில் தரைவரைக்கும் ஜன்னல். ஜன்னல் திறந்திருக்கிறது. வெளியே ஆறு, அதற்கு அந்தப் பக்கம் மலைச்சரிவு முழுக்கத் திராட்சைத் தோட்டம்.

அத்தை அந்தப் படத்தின்மேல் விரலை வைத்தார். எடுக்கவே இல்லை.

அத்தை எஸ்டேட்டில் ஒரு மாத்திரை கம்பெனியில் இருபத்திரண்டு வருடம் பேக்கிங்கில் இருந்தவர். தூசி வரக்கூடாது என்று அந்த ஹாலுக்கு ஜன்னலே வைக்கவில்லையாம். "மழ பேஞ்சாக்கூட, ஷிஃப்ட் உட்டு வெளிய வந்து தரை ஈரமா கீதேன்னு பாத்துத்தான்டி தெரிஞ்சிக்கணும்," என்று என்னிடம் பலதடவை சொல்லியிருக்கிறார். பஸ்ஸில் ஜன்னல் சீட்டு கிடைக்காவிட்டால் அடுத்த பஸ்ஸுக்கு நிற்பார்.

"இதான் வோணும்," என்றார். "இந்தம்மா மாரி படுத்துக்கினு ஆத்தப் பாக்கணும். ஊரு சுத்திப் பாக்க எனக்கு முட்டி எங்க கீது?"

மாமா கொஞ்ச நேரம் லிஃப்டைப் பற்றி முனகினார். பிறகு, "சரி, பச்சையே எழுது," என்றார்.

ஃபாரத்தில் பெயர், வயது எல்லாம் எழுதிவிட்டு அறை எங்கே என்ற இடத்துக்கு வந்தேன். மேல் தளம், கீழ்த் தளம் என்று இரண்டு கட்டங்கள். அந்த இடத்தில் யாரும் ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. வயதானவர்களுக்கு ரயிலில் எப்போதும் கீழ் பெர்த்தான் கேட்பேன். கை தானாகவே அங்கே போனது.

"கீழதான மாமா?"

"பின்ன? போன தபா சேலம் போசொல்லோ மேல் பெர்த்து வந்து, ராத்திரி பூரா இவ கீழ குந்திக்கினே வந்தா."

டிக் அடித்தேன். மறுநாள் காலையில் மாமா கவரை ஒட்டி ஏர்மெயிலில் போட்டுவிட்டு வந்தார்.

ஒரு வாரம் கழித்து, போன திங்கட்கிழமை, என் சிநேகிதியிடம் காட்டிப் பெருமை அடிக்கலாம் என்று பச்சைப் புத்தகத்தை வாங்கிவந்தேன். நடுப்பக்கம் இரண்டாக மடித்திருந்தது. பிரித்தால், ரொட்டியை நீளவாக்கில் அறுத்தமாதிரி கப்பலை அறுத்துப் படம் போட்டிருந்தார்கள். மேல் தளத்து அறைகளில் அந்தப் பெரிய ஜன்னல். கீழ்த் தளத்தில் கூரையை ஒட்டி, செங்கல் அகலத்தில் கண்ணாடி. அதற்குச் சற்றுக் கீழே நீலக்கோடு. அதுதான் தண்ணீர் மட்டம். பக்கத்தில் பொடி எழுத்தில், 'இந்த ஜன்னல்கள் திறக்காது' என்று இருந்தது. கட்டிலில் படுத்தால் கூரைதான் தெரியும். அத்தை விரல் வைத்த படத்துக்குக் கீழேயும் பொடி எழுத்து இருந்தது. மேல் தளத்து அறை என்று.

நான் பொடி எழுத்தைப் படித்திருக்கவில்லை.

சாப்பாட்டு அறையும் கீழ்த் தளத்தில்தான் இருந்தது. அங்கிருந்து மேலே போக ஒரே படிக்கட்டு, லிஃப்ட் கிடையாது. ஸ்கேலின் நுனியை வைத்து எண்ணினேன். பதினாறு படி. மறுபடி எண்ணினேன். ஆறு நாளும் எண்ணினேன். தினமும் அத்தை வீட்டில் காபி குடித்தேன். தினமும் சொல்லிவிடலாம் என்று போவேன். அத்தை டம்ளரை நீட்டிக்கொண்டே, "அந்த ஆத்துல மீனு தெரியுமாடி?" என்பார். நான் தெரியும் என்று சொல்லிவிட்டு வந்துவிடுவேன்.

இன்று ஞாயிற்றுக்கிழமை. தெருமுனையில் தஸ்தகீர் பாயின் தையல் கடைக்கு உத்தமன் அண்ணன் ஃபோன் செய்கிற நாள். நாலு மணிக்கு பாய் கடை வாசலிலிருந்தே கத்தினார்: "ஜெகதாம்மா! ஜெர்மனி லைன்ல கீது, ஓடியா!"

ஓடி வரமுடியாத அத்தையைக் கைபிடித்துக் கூட்டிக்கொண்டு போனேன். அத்தை மகனிடம் சாப்பிட்டாயா, குளிருகிறதா என்று கேட்டுவிட்டு, "கப்பல் விசயம் இதுகிட்ட பேசு," என்று ரிசீவரை என் கையில் கொடுத்தார். வெளியே போய் ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டார். உள்ளே இரண்டு தையல் மெஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன.

"புஷ்பா, ஃபாரம் வந்துச்சும்மா, நல்லா எழுதியிருக்க. நாளைக்குக் கன்ஃபார்ம் பண்ணிடறேன். கீழ ரூம்தானே?"

அந்த 'நல்லா எழுதியிருக்க'வைக் கேட்டதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். ஜன்னல், தண்ணீர் மட்டம், பொடி எழுத்து, படி.

அந்தப் பக்கம் பேப்பர் புரட்டுகிற சத்தம் கேட்டது. "நானும் கவனிக்கலையேம்மா," என்றார். "சரி, நீலத்துக்கு மாத்திடவா? அதுல லிஃப்ட் இருக்கு. ஆனா அதுல ஜன்னல் பாதிச் சுவருக்கு மேலதான் இருக்கும். நின்னாத்தான் ஆறு தெரியும். பச்சையில மேல ரூம் இன்னும் ஒண்ணு ரெண்டு இருக்கு. அம்மா படி ஏறுவாங்களா? ஒரு நாளைக்கு மூணு நாலு தடவை ஏறணும். யோசிச்சுச் சொல்லு, இப்பவே தெரியணும்."

கடைக்கு வெளியே பார்த்தேன். அத்தை முட்டியைத் தேய்த்துவிட்டுக்கொண்டு, தெருவைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். எனக்கு அந்த முட்டி தெரியவில்லை. படத்தின்மேல் வைத்த விரல்தான் தெரிந்தது.

"ஏறுவாங்கண்ணா," என்றேன்.

"நிச்சயமா?"

"நிச்சயமா."

திரும்பி வரும்போது பால் பூத் பக்கத்தில் அத்தையிடம் சொன்னேன். அத்தை நின்றுவிட்டார்.

"கீழ் ரூமுல ஜன்னல் தொறக்காதா?"

"தொறக்காது அத்தை. படுத்தா எதுவும் தெரியாது."

"அப்போ எங்க பேக்கிங் ஹாலுதான் தண்ணில மெதக்குதுன்னு சொல்லு." சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. "எத்தினி நாளா தெரியும் உனுக்கு?"

"ஆறு நாளா."

"ஆறு நாளு என் ஊட்டு காபியக் குடிச்சிக்கினு வாயத் தொறக்கல நீ."

 உத்தமனிடம் என்ன சொன்னாய் என்று அத்தை கேட்டார். அதையும் சொன்னேன்.

"நான் ஏறுவேன்னு சொல்ல நீ யாருடி? முட்டி உன்துதா?"

 அதற்குப்பிறகு வீடு வரைக்கும் அத்தை என் கையைப் பிடிக்கவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டே நடந்தார். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். கதவுக்குப் பின்னால் மாமாவின் குரல் மட்டும் கேட்டது: "நான் அப்பவே சொன்னேன், நீலம்னு. லிஃப்ட்டு வச்சவன் எஞ்சினும் ஒயுங்காதான் வச்சிருப்பான்." 

ராத்திரி தட்டை அப்படியே தள்ளிவைத்துவிட்டேன். தலைவலி என்று அம்மாவிடம் பொய் சொன்னேன். அங்கே, தெரியாத ஊரில், படிக்கட்டின் அடியில் அத்தை உட்கார்ந்துகொண்டு மேலே பார்க்கிறமாதிரியே கண்முன்னால் வருகிறது. ஏறமுடியாவிட்டால் ஏழு நாளும் என்ன செய்வார்? அங்கே என்னைத் திட்டக்கூட நான் பக்கத்தில் இருக்கமாட்டேன்.

மொட்டைமாடிப் படிக்கட்டு எங்கள் சமையலறைச் சுவரை ஒட்டித்தான் போகிறது. வென்டிலேட்டர் வழியாக எல்லாச் சத்தமும் கேட்கும். இப்போது ஒரு சத்தம் கேட்கிறது. ஒரு கால் வைக்கிறது. இன்னொரு கால் வந்து அதே படியில் சேர்கிறது. கொஞ்சம் நிற்கிறது. வளையல் இரும்புக் கம்பியில் உரசுகிறது.

"பாத்து, பாத்து," என்கிறது மாமாவின் குரல்.

"கம்முனு இரு. எண்ணிக்கினு கீறேன்ல?"

நானும் எண்ண ஆரம்பித்தேன். நான் கேட்கத் தொடங்குவதற்கு முன்னால் எத்தனை ஆனதோ, தெரியவில்லை. நடுவில் ரொம்ப நேரம் சத்தம் நின்றுவிட்டது. மூச்சு வாங்குவது மட்டும் கேட்டது. திரும்பிவிடுவார் என்று நினைத்தேன். நான் போய்க் கைபிடிக்கலாமா என்று எழுந்தேன்.  அதற்குள் மறுபடி அந்தக் கால் வைக்கும் சத்தம்.

"பதிநாலு. பதினஞ்சு." பிறகு ஒரு முனகல். "பதினாறு."

"போதும் வா, எறங்கலாம்," என்றார் மாமா.

"இரு, இன்னும் ரெண்டு கீது. இவ்ளோ தூரம் வந்துட்டு மாடியப் பாக்காம எறங்கறதா?"

இரண்டு படியும் ஏறினார். மேலே போய் நின்ற சத்தமும் கேட்டது. கொஞ்ச நேரம் கழித்து, தூங்குகிறவர்களைப் பற்றிக் கவலைப்படாமல், அத்தை மேலிருந்தே குரல் கொடுத்தார்.

"ஏய் புஷ்பா! லைட்டு எரியுது, முழிச்சிக்கினுதான கீற? அந்தக் கப்பல் படிக்குக் கைப்பிடி கீதா, இல்லியா? பொடி எயுத்தெல்லாம் ஒயுங்கா படிச்சிட்டுச் சொல்லு."

பச்சைப் புத்தகத்தை எடுத்து நடுப்பக்கத்தைப் பிரித்தேன். விளக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனேன். படத்தை ஒருமுறை பார்த்தேன். பிறகு பக்கத்திலிருந்த பொடி எழுத்து முழுவதையும் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் படித்தேன். அப்புறம்தான் வென்டிலேட்டரைப் பார்த்து வாயைத் திறந்தேன்.

"ரெண்டு பக்கமும் இருக்கு அத்தை."