திரைந்த சூப்

யோகராணிக்கு ஒரே ஒரு கர்வம் உண்டென்றால் அது அவளுடைய கைப்பக்குவம்தான். புலம்பெயர்ந்து வந்து குடியிருக்கும் பென்டில் ஹில்லில் யார் வீட்டு விசேஷமென்றாலும் தேங்காய்ப்பால் விட்டுச் சொதி வைக்க அவளைத்தான் கூப்பிடுவார்கள். அப்பேர்ப்பட்டவளின் சமையலை வாரக்கணக்காக மருமகள் ஹரிப்பிரியா வாயில் வைக்கவில்லை.

பாவம், அவள்மேல் என்ன பிழை? வயிற்றில் பிள்ளை தங்கியதிலிருந்து வெங்காயம் வதங்கும் வாசம் பட்டாலே குளியலறைக்கு ஓடுகிறாள். தண்ணீர்கூடத் தங்குவதில்லை. நாளைக்கும் இப்படியே என்றால் ஆஸ்பத்திரியில் சேர்த்து டிரிப் ஏற்ற வேண்டியதுதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். மகன் அனோஜன் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனான். யோகராணி மருமகளின் கட்டிலருகே போய் உட்கார்ந்தாள். அவளைப் பெற்ற தாய் கோயம்புத்தூரில் இருக்கிறாள். இந்தப் பிள்ளை தன்னை நம்பியல்லவா இங்கே கிடக்கிறது!

அன்று ஹரிப்பிரியா போனில் ஒரு படத்தைக் காட்டி, இதென்றால் சாப்பிடலாம் போலிருக்கிறது என்றாள். பாஸ்தாவும் மரக்கறியும் போட்டுக் கிறீம் விட்ட சூப். யோகராணி விழுந்தடித்துக் கடைக்குப் போய் வந்தாள்.

வெங்காயம் இல்லை, தாளிதம் இல்லை, கறிவேப்பிலை இல்லை. கையைக் கட்டிப்போட்டது மாதிரி இருந்தது. ஆனாலும் கரட்டையும் போஞ்சியையும் பொடிப்பொடியாக அரிந்து அவித்தாள். பாஸ்தா வெந்ததும் பாலையும் கிறீமையும் விட்டாள். வெள்ளை வெளேரென்று கொதித்து வந்தது. பார்த்தால் அச்சு அசல் சொதி. அங்கேதான் வினை பிடித்தது. அடுப்பை அணைத்த கை, தன்பாட்டில் தேசிக்காயை எடுத்துப் பிழிந்துவிட்டது. சொதியை இறக்கினால் எலுமிச்சைப் புளி விட வேண்டாமா? தேங்காய்ப்பால் தாங்கும், மாட்டுப்பால் தாங்குமா? கண்ணெதிரே சூப் திரைந்து திட்டுத்திட்டாகிப் போனது.

தன் கையைத் தானே திட்டிக்கொண்டு அவள் சட்டியைத் தூக்கும்போது, ஹரிப்பிரியா குசினி வாசலில் நின்றாள்.

“என்ன அத்தை அது? வாசனை நல்லா இருக்கே.”

“தொடாதை பிள்ளை. திரைஞ்சு போச்சு.”

அவள் கேட்டால்தானே. ஒரு கோப்பை நிறைய அள்ளிக்கொண்டு போய் சோபாவில் உட்கார்ந்துவிட்டாள். இந்த மானக்கேட்டை மகன் வேறு பார்க்க வேண்டுமா என்று யோகராணி மிச்சத்தை அவசரமாகக் குப்பையில் கொட்டினாள். பிறகு ஒரு வாளியைத் தூக்கிக்கொண்டு மருமகளுக்குப் பக்கத்தில் காவலிருந்தாள்.

கோப்பை காலியானது. யோகராணி முருகனைக் கூப்பிட்டபடி இருந்தாள். ஒன்றும் மேலே வரவில்லை. ஹரிப்பிரியா மாமியாரின் தோளில் சாய்ந்து அப்படியே தூங்கிப்போனாள். தோள் மரத்துப்போயும் யோகராணி அசையவில்லை. இந்தப் பிள்ளைமேல் தனக்கு இவ்வளவு பாசமா என்று அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

விழித்ததும் ஹரிப்பிரியா கேட்ட முதல் கேள்வி இதுதான்.

“அந்த சூப் இன்னும் இருக்கா அத்தை? அதே மாதிரி வேணும்.”

“ஓம், இருக்குது. சூடாக்கிக்கொண்டு வாறன்” என்று கூசாமல் பொய் சொல்லிவிட்டு, யோகராணி குசினிக் கதவைச் சாத்தினாள். மறுபடி அரிந்தாள், அவித்தாள், பாலும் கிறீமும் விட்டாள். இறக்கித் தேசிக்காய் பிழிந்தாள். சூப் வழுவழுவென்று, ஒரு பொட்டுக் குறையில்லாமல், அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது. மற்றப் பாதியையும் ஒட்டப் பிழிந்துவிட்டுச் சட்டிக்குள் குனிந்தாள்.

“திரையன், என்ரை ராசாத்தி” என்று சூப்பைத் திரையச் சொல்லிக் கெஞ்சினாள். “பிள்ளை பசியோடை இருக்கிறாள், திரையன்.”